ராயல் கிரசென்டுடன் ஒரு வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பாத்திலிருந்தும் பிரிஸ்டலிலிருந்தும் குழந்தைகளோடு வந்திருக்கும் சங்கக் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடப் பொதுக்குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். மாதம் ஓர் ஊர் என்று போய்க்கொண்டிருந்த நம் மரபு நடையை ஒரு வருடம் மாற்றி, இங்கிலாந்தின் பாத் நகரத்து ராயல் கிரசென்ட் என்ற ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போவோம் என்றேன். "முப்பது வீடு இருக்கிற தெருவுல வருஷம் முழுக்கப் பார்க்க என்ன இருக்கு தம்பி?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். தீர்மானம் இரண்டு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த அண்ணன் அதன் பிறகு ஒரு நடையைக்கூடத் தவறவிடவில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

திட்டமிட்டது 12 நடை, நடந்தது 10. பிப்ரவரி நடையைப் புயல் எச்சரிக்கையால் கைவிட்டோம். இன்னொன்று பேருந்தால் கெட்டது. அதை வரவு செலவு சொல்லும்போது சொல்கிறேன்.

முதல் நடையை நேராகக் கிரசென்டில் தொடங்காமல் சர்க்கஸில் தொடங்கினோம். பெயரைக் கேட்டதும் குழந்தைகள் கூடாரமும் யானையும் எதிர்பார்த்தார்கள். பாத்தில் சர்க்கஸ் என்பது வட்டமாகச் சுற்றி நிற்கும் 33 வீடுகள். தந்தை ஜான் வுட் வரைந்தது. 1754-ல் வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே அவர் காலமாகிவிட, அதே பெயர் கொண்ட மகன் அதைக் கட்டி முடித்தார். அந்த வட்டத்திலிருந்து மேற்கே போவது பிராக் தெரு. அலங்காரம் அதிகமில்லாத, அடக்கமான தெரு. அதன் கடைசி வரை நடந்தாலும் அடுத்து என்ன வரப்போகிறது என்று ஒரு குறிப்பும் கிடைக்காது. கடைசி வீட்டைத் தாண்டி ஓர் எட்டு வைத்ததும் வலது பக்கம் சுவர் வளைந்து ஓடத் தொடங்குகிறது. எதிரே வானமும் புல்வெளியும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. பேசிக்கொண்டே வந்த எங்கள் கூட்டம் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியது. அதன் பிறகு வந்த நடைகளிலும், புதியவர்கள் யாராவது இருந்தால் அவர்களை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம்.

அடிப்படைத் தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். 1767 மே 19 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை முடிய ஏறக்குறைய எட்டு வருடம் ஆனது. 30 வீடுகள், 114 தூண்கள், சுமார் 150 மீட்டர் நீளம். பார்த்தால் அரைவட்டம் போலத் தெரிந்தாலும், வரைபடத்தில் அது நீள்வட்டத்தின் பாதி. இங்கிலாந்தில் வீடுகளை இப்படிப் பிறையாக வளைத்துக் கட்டும் வழக்கத்துக்கு இதுதான் முன்மாதிரி. ஆரம்பத்தில் வெறும் 'தி கிரசென்ட்' என்றுதான் பெயர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் யார்க் கோமகன் பிரெடரிக் இங்கே வந்து தங்கியதால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'ராயல்' சேர்ந்தது. நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையான காலத்தைத்தான் ஜார்ஜிய காலம் என்கிறார்கள். அந்த வரிசையில் மூன்றாமவரின் ஆட்சியில் எழுந்தது இந்தத் தெரு.

இவ்வளவு பெரிய வீடுகள் இந்தச் சின்ன ஊரில் ஏன் என்ற கேள்வி முதல் நாளே வந்தது. பதில் தண்ணீரில் இருக்கிறது. பாத்தின் ஊற்றுகளில் 46 டிகிரி சூட்டில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் பொங்குகிறது. ரோமானியர் காலத்திலிருந்தே அதில் குளிக்க ஆட்கள் வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அந்த நீரைக் குடித்தால் நோய் தீரும் என்று நம்பிப் பணக்காரர்கள் பருவம் தோறும் வந்து தங்கினார்கள். வந்தவர்களுக்கு நடனமும் சீட்டாட்டமும் கல்யாணப் பேச்சும் வேண்டியிருந்தன. அவர்கள் வாடகைக்கு எடுக்கத்தான் இப்படிப்பட்ட வீடுகள். சிலர் நிரந்தரமாகவே குடியேறினார்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும்

இந்த வருடத்தில் நாம் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது நடையில் கிடைத்தது. அன்று முன்பக்கம் போகவே இல்லை. பின்னால் கிரசென்ட் லேன் என்று ஒரு சந்து இருக்கிறது, அங்கேதான் போனோம்.

முன்னாலிருந்து பார்த்தால் ராயல் கிரசென்ட் ஒரே அரண்மனை. தரைத்தளம் வெறுமையான கல்சுவர். அதற்கு மேல் இரண்டு தளங்களை ஒரே வீச்சில் கடந்து எழும் ஐயோனிக் தூண்கள், உச்சியில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட தலைப்போடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே கோடு கிடையாது. நடு வீட்டில் மட்டும் தூண்கள் இரட்டையாக நிற்கின்றன, நடு ஜன்னலின் தலை வளைந்திருக்கிறது. அவ்வளவுதான் அலங்கார வேறுபாடு.

பின்னால் போனால் இது வேறு தெரு. ஒரு வீடு மூன்று மாடியில் நிற்க, அடுத்தது இன்னும் மேலே போகிறது. ஒன்றில் ஜன்னல் நேராக, பக்கத்து வீட்டில் அரைத்தளம் தள்ளி. அரைவட்டமாகப் பிதுங்கிய சுவர், பிறகு ஒட்டவைத்த அறை, குறுக்கும் நெடுக்கும் குழாய்கள், உயரம் ஒத்துப்போகாத புகைபோக்கிகள். கல்கூட முன்பக்கம் இருப்பது போல இழைத்த கல் கிடையாது. பெரும்பாலும் ஒழுங்கில்லாத துண்டுக்கல்.

காரணம், இந்தத் தெருவை வரைந்த மகன் ஜான் வுட் முப்பது வீடுகளைக் கட்டி விற்கவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். துண்டு எடுத்தவர் முன்சுவரை மட்டும் வுட் வரைந்தபடி அங்குலம் பிசகாமல் எழுப்ப வேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை அறை, படிக்கட்டு எங்கே, கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவரவர் விருப்பம், அவரவர் கட்டடக்காரர். வெளியே இரண்டு வீடு போலத் தெரிவது உள்ளே ஒன்றாக இருக்கும் இடங்களும் உண்டு.

நான் அந்தச் சந்தில் வெகுநேரம் நின்றேன். முன்பக்கத்தின் அழகைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய மனிதர் கட்டளையிட்டார், மற்றவர்கள் கட்டினார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பின்பக்கத்தைப் பார்த்த பிறகு அது முப்பது குடும்பங்கள் ஒத்துக்கொண்ட உடன்படிக்கையாகத் தெரிந்தது. தெருவுக்குக் காட்டும் முகம் தெருவுக்குச் சொந்தம், உள்ளே இருப்பது எனக்குச் சொந்தம். இருநூற்றைம்பது வருடமாக அந்த உடன்படிக்கை காக்கப்படுகிறது. அதனால்தான் இன்றும் நாம் போய்ப் பார்க்க ஒரு தெரு இருக்கிறது. பின்பக்கத்தை அசிங்கம் என்று ஒதுக்கும் வழிகாட்டிகளோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழாய்களும் ஒட்டு அறைகளும் மனிதர்கள் அங்கே வாழ்ந்ததன் தடம்.

அன்று பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் நம் உறுப்பினர் அக்கா ஒருவர் இன்னொன்றைக் கவனிக்க வைத்தார். பிறையின் உள்வளைவில் முன்சுவர் இருப்பதால், அடுத்தடுத்த வீடுகளின் பொதுச்சுவர்கள் பின்னால் போகப் போக விசிறிபோல விரிய வேண்டும். அதாவது ஒவ்வொரு வீடும் வாசலில் கொஞ்சம் குறுகல், கொல்லையில் கொஞ்சம் அகலம். ஒரு தாளில் நீள்வட்டம் போட்டுக் கோடு இழுத்துக் காட்டினார். குழந்தைகள் அந்தத் தாளுக்காகச் சண்டை போட்டார்கள்.

1-ஆம் எண் வீடு

வாசல் கதவுக்குள் போய்ப் பார்க்கக் கிடைப்பது கிழக்கு முனையில் உள்ள 1-ஆம் எண் வீடுதான். 1967-ல் பெர்னார்ட் கெய்சர் என்பவர் அதை வாங்கி, சீரமைக்கப் பணமும் சேர்த்து, பாத் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1970-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பக்கத்தில் தனியாகப் பிரிந்துபோயிருந்த வேலைக்காரர் பகுதி 2013-ல் மறுபடி அதோடு சேர்ந்தது. முதன்முதலில் குடியிருந்தவர் ஹென்றி சாண்ட்போர்ட் என்ற அயர்லாந்துக்காரர். 1776 முதல் 1796 வரை அவர் இருந்த காலத்தை ஒட்டித்தான் அறைகளை அமைத்திருக்கிறார்கள்.

மேல்தளத்து வரவேற்பறைகளைப் பற்றி அங்கே கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. நான் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன். கீழே இறங்கினால் கல் பாவிய தரை, பெரிய அடுப்பு. சுவரில் உயரத்தில் ஒரு மரச்சக்கரம். அணில் கூண்டில் இருக்குமே, அது போல, ஆனால் ஒரு சின்ன நாய் உள்ளே ஓடும் அளவு. நாய் ஓட ஓடச் சக்கரம் சுழலும். அதிலிருந்து போகும் கயிறு, நெருப்புக்கு முன்னால் இறைச்சி கோத்த கம்பியைத் திருப்பும். அதற்கென்றே குட்டைக் காலுள்ள நாய்களை வளர்த்தார்கள். நம் குழந்தைகளில் ஒருத்தி "அதுக்குச் சுடாதா?" என்று கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மேலே பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தவர்களைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் அந்தச் சக்கரத்துக்கு முன் ஐந்து நிமிடம் நிற்பதற்கு ஈடாகாது.

வீட்டுக்கு முன்னால் இரும்புக் கிராதிக்குக் கீழே ஒரு பள்ளம் எல்லா வீட்டுக்கும் உண்டு. கீழ்த்தளத்துக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் போகும். வேலையாட்களும் சாமான் கொண்டுவருகிறவர்களும் அதன் படியில் இறங்கிப் போவார்கள். நடைபாதைக்கு அடியில் நிலக்கரி போட்டுவைக்கும் அறைகள். மேலே நாம் நிற்கும் கல்தளத்துக்குக் கீழே இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த நடைபாதையில் நடப்பதே வேறு மாதிரி இருந்தது.

17-ஆம் எண்

ஜூன் நடையைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 17-ஆம் எண் வீட்டுச் சுவரில் ஐசக் பிட்மன் பெயரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1837-ல் சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட அதே பிட்மன். கடைசிக் காலத்தில் இங்கே வாழ்ந்து 1897 ஜனவரியில் காலமானார்.

இதை நான் ஒரு தகவலாகத்தான் வாசித்தேன். நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், மகன் வீட்டில் தங்கியிருப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சென்னையில் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணியதால்தான் தனக்கு வேலையும் தங்கைகளுக்குப் படிப்பும் கிடைத்தது என்றார். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில், எத்தனை மாடிப்படி ஏறி, எத்தனை பெண்கள் பிட்மன் முறையைக் கற்று மாதச் சம்பளத்துக்குப் போனார்கள்! என் நோட்டை வாங்கி, பென்சிலால் நாலு கோடு போட்டார். மெல்லிய கோடு என்றால் 'ப', அதையே அழுத்திப் போட்டால் 'bath'-இல் வரும் அந்த அதிரும் ஒலி என்று விளக்கினார். ஓய்வு பெற்று இருபது வருடம் கழித்தும் கை தயங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் சங்கப் பதிவேட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அந்த வீடு அப்படியே நிற்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். 1942 ஏப்ரல் 25 முதல் 27 வரை ஜெர்மன் விமானங்கள் பாத் மீது குண்டு போட்டன. ஜெர்மனியின் லூபெக் நகரத்தை பிரிட்டன் எரித்ததற்குப் பழிவாங்கலாக, படைத்தளம் இல்லாத அழகான ஊர்களைத் தேடித் தாக்கிய நாட்கள் அவை. பாத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மகன் ஜான் வுட் கட்டிய அசெம்ப்ளி ரூம்ஸ் என்ற நடன மண்டபம் எரிந்தது. கிரசென்டில் 2-ஆம் எண்ணும் 17-ஆம் எண்ணும் உள்ளே முழுக்கச் சாம்பலாயின. பிறகு மீட்டுக் கட்டினார்கள். இன்று எந்த வீடு எரிந்தது என்று முன்னால் நின்று கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெத்தி தப்பிச்சிடுச்சு" என்றார்.

கல்லும் ஈரமும்

பாத் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். வெயிலில் பனங்கற்கண்டு நிறம். மழையில் நனைந்தால் ஈரமணல் நிறம். ஊருக்குத் தெற்கே கூம் டவுன் குன்றுக்கு அடியில் சுரங்கம் வெட்டி எடுத்தார்கள். ரால்ப் ஆலன் என்பவர் அங்கிருந்து ஆற்றங்கரை வரை தண்டவாளம் போட்டு வண்டிகளில் கல் இறக்கியது 1730-களின் தொடக்கத்தில். வெட்டி எடுத்த புதிதில் கல் மிருதுவாக இருக்கும், ரம்பத்தால் அறுக்கலாம். உள்ளே இருக்கும் ஈரம் காயக் காய இறுகும். பூமிக்குள் எந்த அடுக்காகப் படுத்திருந்ததோ அதே போக்கில் சுவரிலும் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் சில பத்தாண்டுகளில் தோல் உரிவது போல அடுக்கடுக்காக உரியும். கல்தச்சர்களுக்கு இது அரிச்சுவடி.

தெருவில் சில இடங்களில், முக்கியமாக மழை படாத விளிம்புகளுக்கு அடியில், கல் கறுத்திருப்பதைப் பார்த்தோம். முன்பு வீடு வீடாக எரிந்த நிலக்கரியின் கந்தகப் புகை சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து ஜிப்சம் பொருக்காக மாறும், அந்தப் பொருக்கு கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை கழுவும் இடம் வெளுப்பாகவே இருக்கும். இப்போது பெரும்பாலும் சுத்தம் செய்துவிட்டார்கள்.

இது ஏதோ பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று விட முடியாதபடி செப்டம்பரில் ஒன்று நடந்தது. நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று பாத்தில் வேறொரு தெருவில், இதே காலத்து வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறது. சுவரில் ஓயாத ஈரம், குழந்தைக்கு இருமல். போய்ப் பார்த்தோம். முன்பு யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசியிருக்கிறார். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மை. சுவருக்குள் போன ஈரம் இணைப்புகள் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் கல் வழியாகவே வெளியே வரப் பார்க்கும், கல் பொடியும். அந்த வீட்டில் சிமெண்ட் கோடு கம்பீரமாக நிற்க, நடுவில் இருந்த கல் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. என் ஆள்காட்டி விரல் முதல் கணு வரை உள்ளே போனது. நம் கட்டடப் பொறியாளர் உறுப்பினர் வீட்டு உரிமையாளருக்கு விளக்கமாகக் கடிதம் எழுதினார். இப்போது சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்திருக்கிறார்கள். வேலை நடந்த இரண்டு சனிக்கிழமையும் நம்மில் சிலர் போய் வேடிக்கை பார்த்தோம். ஈரச் சாக்குத் துணியால் மூடிவைத்து மெதுவாகக் காயவிட்டார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடுமாம்.

மஞ்சள் கதவும் மற்றவையும்

இந்தத் தெரு தானாகத் தப்பிப் பிழைத்துவிடவில்லை. போர் முடிந்த 1945-ல் ஊரைத் திருத்தியமைக்க வந்த திட்டத்தில் கிரசென்டை நகராட்சி அலுவலகமாக்கும் யோசனையும் இருந்தது. நடக்கவில்லை, நல்லவேளை. 1960-களிலும் 70-களிலும் பாத்தில் எளியவர்கள் வாழ்ந்த ஜார்ஜிய வரிசை வீடுகளை நிறைய இடித்துத் தள்ளினார்கள். பெரிய தெருக்கள் நின்றன, அவற்றின் பின்னணியாக இருந்த சின்னத் தெருக்கள் போயின. இழப்பு என்று நான் நினைப்பது அதைத்தான். கிரசென்டில் வேலைக்குப் போன தையல்காரியும் தச்சரும் குடியிருந்த வீடுகள் எப்படி இருந்தன என்று நம் குழந்தைகளுக்குக் காட்ட அவ்வளவாக எதுவும் மிஞ்சவில்லை.

1970-களில் 22-ஆம் எண்ணில் குடியிருந்த பெண்மணி தன் வாசல் கதவுக்கு வழக்கமான வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் பூசினார். மாற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் விட்டது. அவர் விடவில்லை. விவகாரம் சுற்றுச்சூழல் அமைச்சர் வரை போய், மஞ்சளாகவே இருக்கலாம் என்று முடிவானது. இதைப் பற்றி நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் விவாதித்தோம். உடன்படிக்கை என்றால் கதவும் சேர்ந்ததுதானே என்று ஒரு கட்சி. கல் ஒத்துக்கொண்டது, நிறம் யார் ஒத்துக்கொண்டது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், தன்மை மாறும்படி எதைத் தொட வேண்டுமானாலும் முன் அனுமதி வேண்டும். வாங்காமல் செய்தால் குற்றம். நடுவில் ஹோட்டல், முனையில் அருங்காட்சியகம், சில முழு வீடுகள், மற்றவை பெரும்பாலும் பிளாட்டுகள். 1987 முதல் பாத் நகரமே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2021-ல் ஐரோப்பாவின் பெரிய வெந்நீரூற்று நகரங்களில் ஒன்றாக மறுபடியும் சேர்ந்தது.

பழைய குடியிருப்பாளர்களைப் பற்றிச் சுருக்கமாக: 1772 மார்ச் மாதம் 11-ஆம் எண்ணிலிருந்து பாடகி எலிசபெத் லின்லி, நாடகாசிரியர் ஷெரிடனோடு வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிப் போனார். தெரு அப்போது பாதிதான் கட்டியிருந்தது. 1778-ல் 8-ஆம் எண்ணில் இருந்த பிரெஞ்சுப் பிரபு ஒருவர் சூதாட்டத் தகராறில் ஊருக்கு வெளியே துப்பாக்கிச் சண்டையில் செத்தார்.

இதையெல்லாம் ரசிக்கும்போதே பணம் எங்கிருந்து வந்தது என்றும் நாம் கேட்டோம். சர்க்கஸில் 14-ஆம் எண் வீட்டுப் பலகையில் இருக்கும் பெயர் ராபர்ட் கிளைவ். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கியவர். சென்னையில் எழுத்தராக இறங்கி, பெரும் செல்வத்தோடு திரும்பி வந்தவர். மேலே லான்ஸ்டவுன் கிரசென்டில் வாழ்ந்த வில்லியம் பெக்போர்டின் சொத்து ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. தெருவின் அழகு இதனால் குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆற்காட்டைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு குடும்பம் நம்மோடு அன்று நடந்தது. அவர்கள் அந்தப் பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

அக்டோபரில் மலையேறி கேம்டன் கிரசென்ட் போனோம். 1788-ல் தொடங்கியது, கிழக்கு முனையில் நிலம் சரிந்ததால் பிறை பாதியில் நின்றுவிட்டது. அங்கே வாசல்களின் உச்சிக்கல்லில் யானைத்தலை செதுக்கியிருக்கிறார்கள். கேம்டன் பிரபுக் குடும்பத்தின் சின்னம் அது. சர்க்கஸில் கிடைக்காத யானை ஒருவழியாகக் குழந்தைகளுக்குக் கிடைத்தது.

கையேடு, வரவு செலவு

சங்கம் இந்த வருடம் 16 பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு அச்சிட்டது. சொற்களுக்காக மூன்று கூட்டம் போனது. கிரசென்ட் என்பதை இளம்பிறை என்பதா, பிறைத்தெரு என்பதா? பெயராக வரும் இடத்தில் கிரசென்ட் என்றே விடுவது, பொதுவாகச் சொல்லும்போது பிறைத்தெரு என்பது என்று முடிவானது. புல்வெளியின் குறுக்கே ஓடும் பள்ளச்சுவருக்கு அவர்கள் 'ஹா-ஹா' என்கிறார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே விரிப்பாகத் தெரியும். கீழே மேயும் ஆடுமாடு மேலே வர முடியாது. கிட்டே போனால்தான் சுவர் இருப்பதே தெரியும். அதற்குத் தமிழ் தேடி, கடைசியில் ஹா-ஹாவே இருக்கட்டும் என்று விட்டோம். குழந்தைகள் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். நான் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மே நடைக்குப் பிரிஸ்டலிலிருந்து பேருந்து பேசி முன்பணமும் கொடுத்திருந்தோம். காலையில் வண்டி வரவில்லை, போனை எடுக்கவில்லை. 30 பேர், அதில் கைக்குழந்தைகளும் பெரியவர்களும், ஒன்றரை மணி நேரம் தெருவில் நின்றார்கள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பதிவு செய்தவன் நான், ஆகவே சபையிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். அதன் பிறகு ரயிலிலேயே போய்வருகிறோம். பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் நிலையத்திலிருந்து கால் மணி நேரப் பயணம், அப்புறம் ஏற்றத்தில் நடை. நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் கூட்டி வந்த மூன்று உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு நடைக்கும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிவந்த குடும்பங்களுக்கும், பின்சந்தில் நாங்கள் கூட்டமாக நின்றபோது முகம் சுளிக்காமல் தன் தோட்டக் கதவைத் திறந்து காட்டிய அந்தத் தெருக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் வருடத்துக்குப் பிரிஸ்டல் உறுப்பினர்கள் கிளிப்டனில் உள்ள ராயல் யார்க் கிரசென்டைக் கேட்கிறார்கள். 1791-ல் தொடங்கி, 1793-ல் வந்த பண நெருக்கடியில் நின்று, 1820 வரை இழுத்து முடிந்த பிறைத்தெரு அது. எனக்குச் சம்மதம். ஆனால் ராயல் கிரசென்டுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது போக வேண்டும், அதில் ஒன்று பின்பக்கமாக இருக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு தீர்மானத்தை முன்மொழிகிறேன். முதல் நடை அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு. கல் பாவிய தரை மழையில் வழுக்கும். நல்ல செருப்போ ஷூவோ போட்டு வரவும். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்